பதினாறாயிரம் நாய்ப் படங்கள்

"டோர்பன், இன்னும் மெயில் போகலையா?" கோபன்ஹேகன் அலுவலக மேலாளர் பிர்கிட்டே, மூன்றாவது முறையாக சர்வர் அறைக்குள் நுழைந்தாள்.

"டிஸ்க்ல ஊசி குத்தக்கூட இடமில்ல, பிர்கிட்டே."

"இன்னிக்கு மாசக் கடைசி. ஒருத்தருக்கு வேலைநீக்க நோட்டீஸ் போயாகணும். தவறினா அந்தத் தண்டத்த இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கணும். யாருன்னு கேக்காதே, ரகசியம்!"

"அச்செடுத்து நேர்லயே குடுத்துடுங்களேன்."

"மூஞ்சியப் பாத்துக் குடுக்கச் சங்கடமா இருக்கு."

"உங்களுக்கு ரொம்ப இளகின மனசு. சரி, உங்க நாய் படம் மட்டும் பதினாறாயிரம் இருக்கு. அழிச்சா அஞ்சே நிமிஷத்துல நோட்டீஸ் போயிடும்."

"என் ஃப்ரேயா படத்தையா? தொட்டே, தொலைச்சுடுவேன்! வேற வழி பாரு."

"புது டிஸ்க் போடணும். அது நாளைக்குத்தான் வரும்."

பிர்கிட்டே கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

டோர்பன் காபியை உறிஞ்சினான். போக வழியில்லாமல் நின்ற மெயில்களில் அவளுடையதுதான் முதலாவது. பெறுநர் இடத்தில் இருந்த தன் பெயரைக் காலை ஒன்பது மணிக்கே பார்த்துவிட்டான்.

மேஜை இழுப்பறையைத் திறந்தான். பிரிக்காத புது டிஸ்க்கை இன்னும் உள்ளே தள்ளி வைத்து, பூட்டினான்.