சாட்சி சொன்ன ஞாயிறு

சாட்சி சொல்லி முடித்தபோது அவனும் அழுதிருந்தான்.

சிறையின் ஜெபக்கூடத்தில் ஐம்பது கைதிகள். முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர்கள். அல்லேலூயா என்றார்கள்.

பதினோரு வருடம் உள்ளே இருந்துவிட்டான். நன்னடத்தைக்காரர்களை முன்கூட்டியே விடும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறவன் என்று அவனுடைய கோப்பிலும் ஒரு வரி ஏறியிருந்தது.

எல்லாக் கூட்டத்திலும் இதே சாட்சிதான்.

வாய்க்கால் கரையில் தவசிக்கனியை வெட்டியது. விழுந்து கிடந்தவன் மனைவியின் பேரைச் சொல்லி அழைத்தது. பிறகு, உன்னை மன்னித்துவிட்டேன் என்றது.

அந்த இடத்தில் கூட்டம் விசும்பும்.

முதல் தடவை சொன்னபோது அந்த அழைப்பும் மன்னிப்பும் இல்லை. இரண்டாம் தடவை தானாக வாயில் வந்தன.

பாடல் தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து அவனிடம் வந்தாள். கூடவே சிறையின் நல அலுவலர்.

"தவசிக்கனியோட சம்சாரம். உன் விடுதலையப் பத்தி இவங்க கருத்து எழுதித் தரணும்" என்றார்.

விசாரணை நாட்களில் கூண்டிலிருந்து பார்க்காமலே தவிர்த்த முகம்.

அவள் கோபத்தோடு வந்திருந்தால் அவனிடம் பதில் இருந்தது.

"கடைசியா என்னைய நெனச்சாகன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல."

அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"வீட்டுல மட்டும் கூப்பிடுத பேரு ஒண்ணு உண்டு. அதையா சொன்னாக?"

அன்று தவசிக்கனி ஒன்றும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒரே வெட்டு. குப்புற விழுந்தான். இவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

"ஆமா" என்றான்.

அவள் முகம் தெளிந்தது.

"என்ன பேரு?"

அவன் தரையைப் பார்த்தான். பாட்டில் இரண்டு சரணம் போயிற்று.



பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாலு பேர் முன்னால் அந்தப் பேரைக் கேட்டதற்காக அவள் கூசியதுபோல் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து தாளில் நாலு வரி எழுதினாள். அலுவலரிடம் நீட்டினாள். அவனைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

அவர் படித்துவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

"ஆட்சேபணை இல்லன்னு எழுதிட்டாங்க. அடுத்த வாரம் பெரிய அதிகாரிங்க வர்றாங்க. இதே சாட்சியச் சொல்லிரு. அந்த மன்னிச்ச இடத்த மட்டும் விட்டுறாத."

வாசலில் வார்டர் அவளுக்காகக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சரிங்கய்யா" என்றான்.