பிரெஞ்சுச் சாமியார் கொடுத்த அபராதம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை அணைத்துச் சொல்லலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தச் சாமியாரும் வெளியே விடுவதில்லை. இதையும் எந்தச் சாமியாரும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை உச்சி வெயிலில் யேசுராஜ் கோயில் வாசலுக்கும் புளியமரத்துக்குமாக நடந்து நடந்து மண்ணில் ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டான். அந்த வருஷ மழைக்கு அதில் தண்ணீர் ஓடி, கீழே இருந்த கேழ்வரகுக் கொல்லை விளைந்தது.

"ஏம்ப்பா மாப்ளே, கால்ல எறும்பு ஏறிக்கிச்சா?" என்றார் உபதேசியார் ராயப்பன். அவர் மகள் கிருபாராணியைத்தான் யேசுராஜுக்குப் பேசியிருந்தார்கள்.

"பெங்களூர் பஸ்ஸு வந்துடுச்சா மாமா?"

"வரும், வரும். பாவசங்கீர்த்தனப் பெட்டியில குந்தற பலகை பேந்து கெடக்குதேன்னு நானே தவிச்சிகினு இருக்கேன். பாவசங்கீர்த்தனம் கேக்க வர்றது பிரெஞ்சுச் சாமி, ஆனை ஒடம்பு. அது ஒடஞ்சி அவுரு வுழுந்தார்னா, நாளைக்கி அவரைத் தூக்கித்தான் நாம உயிர்ப்பு கொண்டாடணும்."

போகிற போக்கில் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கிப் பூசையில நன்மை அப்பம் வாங்கறே இல்ல? தட்டு புடிக்கறது நான்தான். எம் பொண்ணக் கட்டிக்கப் போறவன் எழுந்து வராம தரையில குந்திகினு இருந்தா, ஊரு என்னான்னு நெனைக்கும்? நானே என்னான்னு நெனைப்பேன்?"

யேசுராஜ் மறுபடி புளியமரத்துப் பக்கம் நடந்தான். கறி ஆகாத தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஏரிக்கரைத் திம்மராயன் வீட்டுச் சேவலைத் திருடிக் குழம்பு வைத்துத் தின்றிருந்தான். திருட்டு ஒரு பாவம், வெள்ளிக்கிழமைக் கறி ஒரு பாவம். சொல்லாமல் நன்மை வாங்கினால் நரகம். வாங்காவிட்டால் கிருபாராணி இல்லை.

பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்றால், அவர் இவனை இருமலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். பிரெஞ்சுச் சாமியாருக்கு இவனையும் தெரியாது, தமிழும் பாதிதான் தெரியும். திருநாள் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்.

நிலைகொள்ளாமல் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டியின் திரை அசைந்தது. பஸ் எப்போது வந்தது என்று யோசிக்கக்கூட அவன் நிற்கவில்லை, ஓடிப்போய் முழந்தாளிட்டான்.

"சாமி, நான் பாவி, என்னை ஆசீர்வதியும்."

உள்ளே ஒரு முனகல். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. பிரெஞ்சுக்காரர் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை கறி தின்னுட்டேன் சாமி."

"ம்."

அவ்வளவுதான். நாற்பது நாள் தூக்கத்தைக் கெடுத்த பாவம் ஒரு 'ம்'மில் போய்விட்டது. யேசுராஜுக்குத் துணிச்சல் வந்தது.

"அது திருட்டுக் கறி சாமி. சேவலு. ஏரிக்கரைத் திம்மராயன் வூட்டுது."

பெட்டி கிறீச்சிட்டது. பதில் வருவதற்குள் ஒரு முழு ஜெபமாலை சொல்லி முடித்திருக்கலாம்.

"மூணு கோழி," என்றது குரல் கடைசியில். "இன்னிக்கே. அவன் வூட்டுல கொண்டுபோய் உடு."

"செய்யறேன் சாமி. பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் எல்லாம் எத்தினி சொல்லணும்?"

"மந்திரம் எதுக்கு? கோழி உடு. போ."

யேசுராஜ் மலைத்துப் போனான். ஆனால் அவன் விவரமில்லாதவன் இல்லை. ரோமாபுரியில் சங்கம் கூடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களே. லத்தீன் பூசை தமிழாகிவிட்டது, சுவரைப் பார்த்து நின்ற சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அயலானுக்கு நியாயம் செய்யாதவன் ஜெபம் கூரையைத் தாண்டாது என்று போன மாதம்தான் பிரசங்கத்தில் கேட்டிருந்தான். பாவமன்னிப்பு மந்திரத்தையும் 'போ' என்று சுருக்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. மூன்றாவது நல்ல கொழுத்த கோழி. அதை ஈஸ்டர் விருந்துக்கு உபதேசியார் வீட்டுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தான். கையில் எடுத்துப் பார்த்தான், கீழே விட்டான், மறுபடி எடுத்தான்.

'ஒரு சேவலுக்கு ரெண்டு கோழியே ஜாஸ்தி. சாமியாரா வந்து எண்ணிப் பாக்கப் போறாரு?'

கொழுத்ததைக் கூடையால் மூடிவிட்டு, மற்ற இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினான். வழியில் பெங்களூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. திரும்பிப் போகிற பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

திம்மராயன் அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருந்தார். வாசலில் உளிப்பையும் சுத்தியும் கிடக்க, பழைய கோழிக் கூண்டுக்குப் புதுக் கதவு வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

திம்மராயன் கோழிகளைப் பார்த்தார். யேசுராஜின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு வாயில் அடக்கியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மூணுன்னுதானப்பா சொன்னேன்."