யானைக்கு இரண்டு தலை

துணியை இழுத்ததும் குடியிருப்பே கொல்லென்று சிரித்தது.

காம்பவுண்ட் சுவரில் வரைந்திருந்த யானைக்கு இந்தப் பக்கமும் தலை, அந்தப் பக்கமும் தலை. வால் எங்குமே இல்லை.

"செகரட்டரி சார், எனக்குத்தானே தலைன்னு சொல்லி அனுப்பினீங்க?" டெய்லர் எகிறினார்.

"எனக்கும் தலைன்னுதானே தகவல் வந்துச்சு!" பேக்கரிக்காரர் குதித்தார்.

செகரட்டரிக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே யானை வரைய வேண்டும், திறக்கும்வரை அடுத்தவர் பங்கைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய யோசனைதான். டெய்லருக்குத் தலை, பல் டாக்டருக்கு வயிறு, பேக்கரிக்காரருக்கு வால். டெய்லரின் மனைவியிடம் ஒழுங்காகத்தானே சொல்லி அனுப்பினார்? இல்லை, உளறித் தொலைத்துவிட்டாரா?

டெய்லருக்குப் பேக்கரிக்காரர் சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். தண்ணீர் மோட்டார் தகராறில் வருஷக் கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். நடுவில் கிடந்து தவித்தது டெய்லரின் மனைவிதான்.

"இந்த மனுஷன்கிட்ட ஒரு வேலையைக் கொடுத்தா உருப்படுமா?" டெய்லர் பொதுவாகப் பொருமினார்.

"அதானே மாப்ள!"

சொன்ன பிறகுதான் பேக்கரிக்காரர் திடுக்கிட்டார். ஆனால் திட்டுகிற சுவாரசியத்தில் இருவராலும் நிறுத்த முடியவில்லை.

"வயித்துக்கு நடுவுல கோடு போட்டா ரெண்டு யானை ஆயிடும் மச்சான்."

"கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கிற மாதிரி இருக்குமே!"

"நம்மள மாதிரின்னு சொல்லுங்க!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாளே ஒரே பெயிண்ட் டப்பாவில் இருவரும் பிரஷ்ஷை முக்கினார்கள். பல் டாக்டரின் வயிறு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வாலையும் ஒன்றாகப் பின்னி வரைந்தார்கள். அடுத்து மொட்டைமாடிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி என்று பேச்சு. செகரட்டரியை மட்டும் கிட்டவே சேர்க்கவில்லை.

இந்தப் பதவியே வேண்டாம் என்று அவர் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, டெய்லரின் மனைவி அண்ணன் கடை கேக்கோடு வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். நீங்க வால்னுதான் சொன்னீங்க. அண்ணன்கிட்ட நான்தான் தலைன்னு மாத்திச் சொன்னேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணினே? ஊரே என்னைத் திட்டுதே!"

"ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டேன் சார். சேர்ந்து திட்ட ஒரு ஆள் கிடைச்சாத்தான் சேருவாங்கன்னு தோணுச்சு. எவ்வளவு திட்டினாலும் தாங்கிக்கிற நல்ல மனுஷன் இங்க நீங்க ஒருத்தர்தானே!"