முன்சீட் காலி

“நேத்து வரும்போது யார் யாரு எங்க உக்காந்திருந்தோம்? வரிசையாச் சொல்லு,” என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டான் கிறிஸ்துதாஸ்.

“ஓட்டுனது நீங்க. பின்னாடி நான். என் மடியில தலை வெச்சு ரூபி தூங்குனா. முன்சீட்ல மீன் பெட்டி.” அகஸ்டினா வறுபடும் வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டாள்.

“கார் கம்பெனிக்கு எழுதறப்ப மீனையெல்லாமா எழுதுவாங்க?”

‘முன்சீட் காலி’ என்று எழுதினான்.

“கம்பெனிக்கு என்ன லெட்டர்?”

“நன்றி சொல்லித்தான். அப்புறம் சொல்றேன்.”

அவளிடம் சொல்லாததைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். நைட் டூட்டி முடித்து, தூங்காமலே கடலூர் போய்த் திரும்பும்போது, தவளக்குப்பத்துக்கு முன்னால் கண் சொக்கிவிட்டது. கார் எதிர் லாரியை நோக்கிப் போனது. அந்த நொடியில் ‘பீப் பீப்’ என்று கார் அலறியது. திடுக்கிட்டு விழித்து, வண்டியை ஒடித்து, ஓரங்கட்டி, இறங்கி டீ குடித்தான். ஓட்டுகிறவன் அசந்தால் எழுப்பிவிடும் கார்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தான். தன் காரும் அந்த ரகம் என்று நேற்றுதான் தெரிந்தது.

கடிதத்தை மடித்து உறையிலிட்டு ஒட்டினான். வாசலில் காத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்துவிட்டு மைத்துனன் விக்டருக்குப் போன் போட்டான்.

“மச்சான், நாளைக்கு வேளாங்கண்ணிக்கு மாத்தி ஓட்ட நீ வரவேணாம். டூட்டி முடிஞ்சதும் நானே ஓட்டிடறேன்.”

அகஸ்டினா கரண்டியோடு வந்தாள். “அவன ஏன் வேணாங்கறீங்க? ராத்திரி பூரா முழிச்சிட்டு எப்படி ஓட்டுவீங்க?”

“நான் தூங்குனாலும் வண்டி தூங்காதுடி. நேத்து தவளக்குப்பத்தாண்ட கத்துச்சே, கேக்கல? எனக்குக் கண்ணு சொக்குச்சு, அது எழுப்பி விட்டுச்சு.”

“கண்ணு சொக்குச்சா?” அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள். “அது உங்களுக்காகக் கத்தலங்க. ரூபி கால் நீட்டறான்னு காலடியில இருந்த மீன் பெட்டியத் தூக்கி முன்சீட்ல வெச்சேன், உடனே கத்துச்சு. ஆளு உக்காந்து பெல்ட் போடலன்னு நெனச்சுக்கிச்சு போல. நீங்க டீக்கு எறங்குனப்ப பெட்டிக்கு பெல்ட்ட மாட்டி விட்டேன். அப்புறம் சத்தமே இல்ல.”

போன் இன்னும் அவன் காதிலேயே இருந்தது.

“மச்சான்,” என்றான் மெதுவாக, “காலையில நீயே வந்து ஓட்டு.”