சட்டி பொய் சொல்லாது

குழம்புச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தம்பியிடம் காட்டினாள் ஷோபனா. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"ராத்திரி பாதிச் சட்டி இருந்துச்சுடா சேகரு. நாலு துண்டு சூரை மீனு. எங்க போச்சுன்னு என்னைக் கேக்காத, உங்க மச்சானைக் கேளு."

இட்லிக்குப் பழைய மீன் குழம்பு கிடைக்கும் என்று நம்பி வந்த சந்திரசேகர், அக்கா புருஷனின் வயிற்றைப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு கிலோ கண்ணையா லுங்கியை இறுக்கிக்கொண்டு நின்றார். வீட்டில் சோறு காணாமல் போனால் பருத்தவனைப் பிடித்தால் போதும், விசாரணைச் செலவு மிச்சம்.

சாட்சியமும் வலுவானதுதான். மாதத்தில் இருபது நாள் நிக்கோபார் கப்பலிலேயே படுத்துக் கிடந்தவருக்கு, மூன்று மாதமாகப் பகலில் மட்டும் ஓடுகிற போட்டில் டூட்டி, ராத்திரி டாலிகஞ்ச் வீட்டில் படுக்கை. சட்டி காலியாவதும் அதே மூன்று மாதமாகத்தான்.

"ஒம்பது மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் மாப்ளே முழிக்கிறேன். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவை வேணா கேளு. என் குறட்டையைக் கேட்டுட்டு, கப்பல் வந்துருச்சான்னு கேக்குது" என்றார் கண்ணையா.

டாக்டர் வைஜெயந்தி சொன்னதை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "தூக்கம் குறைஞ்சா பசி கூடும். பசி கூடினா கை சும்மா இருக்காது. முதல்ல ஒழுங்கா தூங்குங்க." அதை ஷோபனாவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவள்தான்.

"மூணு கிலோ குறைஞ்சிருக்கேன் மாப்ளே, சத்தியமா."

"எடை மெஷின் பொய் சொல்லும் மச்சான். சட்டி பொய் சொல்லாது."

சந்திரசேகர் ஆபீஸில் கிளார்க். ஆனால் போனில் அரை மணி நேரம் படித்தால் எந்த நோய்க்கும் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிடுவான்.

"அரே, நீங்க திருடலை மச்சான். இது ஒரு வியாதி. தூக்கத்துலயே எழுந்து நடந்து போய்த் தின்னுட்டு வந்து படுத்துக்குவீங்க. காலைல ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பக்கா!"

கண்ணையா தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் பெரிய கப்பலில் செராங் பதவி, டெக்கில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தலைவர். டெக் கழுவுகிறவராகச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய ஆர்டர் அது.

"தூக்கத்துல நடக்குற ஆளு கப்பல்ல படுக்கலாமா மச்சான்? வீட்டுல நடந்தா அடுப்படி. டெக்குல நடந்தா நேரா கடலு."

சட்டி காலியாவதை அக்கா போன வாரமே சொல்லியிருந்தாள். மச்சான் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. செராங் பதவி வேண்டாம், உடம்பு சரியில்லை, கரையிலேயே ஸ்டோரில் வேலை கொடுங்கள் என்று விண்ணப்பத்தை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தான். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினான்.

கண்ணையா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து கயிறும் பெயின்ட் டப்பாவும் எண்ணப்போவதை நினைத்ததும் அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு ஆனாப் பரவால்ல மாப்ளே. செராங் தூக்கத்துல கடல்ல விழுந்தா, காப்பாத்தக் குதிக்கிறவன் உசுருக்கு யாரு பதில் சொல்றது?"

ஷோபனா சட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். அவர் கையெழுத்தில் 'கண்' வரைக்கும் போட்டுவிட்டார். சொட்டென்று ஒரு துளி கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. ஷோபனா சட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து காகிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

"அக்கா! க்யா ஹுவா உனக்கு?"

"அவரு எங்கயும் நடக்கலடா. போட்டது போட்டபடி கெடக்காரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கறவளுக்குத் தெரியாதா?"

சந்திரசேகர் கிழிந்த காகிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப சட்டியைக் காலி பண்ணுனது யாரு?"

ஷோபனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தக் குறட்டைக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி நீ படுத்துப் பாருடா, தூக்கம் வராது, பசிதான் வரும்!"