வெள்ளாற்றுப் பாலம் வரை

கடலூர்க் குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்த பச்சைக் குழந்தையோடு கார் சிதம்பரம் நோக்கிப் போகிறது. பின்சீட்டில் கலைமணி மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடுகிறாள். சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி வந்ததும் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றுகிறாள். சாலையோர மரங்களுக்கிடையே விட்டுவிட்டு விழும் சாயங்கால வெயில் குழந்தையின் நெற்றியில் மஞ்சளாக ஓடி மறைகிறது. இல்லத்து ஆயா குளிப்பாட்டிய சோப்பு இன்னும் அதன்மேல் மணக்கிறது. மடியில் கிடந்தாலும் அது அந்த ஆயாவின் பிள்ளை போலத்தான் அவளுக்குத் தோன்றுகிறது.

புதுச்சத்திரம் தாண்டியதும் குழந்தை வீறிட்டு அழுகிறது. பால் புட்டியை நாக்கால் தள்ளுகிறது. "நம்மகிட்ட ஒட்டுமாங்க?" என்கிறாள். "ஏதாச்சும் பேசு. ஒன் கொரலு அதுக்குப் புதுசுல்ல? கேட்டுப் பழகட்டும்." என்கிறான் காரை ஓட்டும் கணவன் ஸ்ரீதர்.

என்ன பேசுவது? கண்ணில் படுவதையெல்லாம் சொல்கிறாள். "தோ பாரு, கொக்கு. வயல்ல தண்ணி நிக்குது. அந்தம்மா ஆட்டையெல்லாம் வூட்டுக்கு ஓட்டிக்கினு போவுது." அழுகை விக்கலாகி, விக்கலும் ஓய்கிறது. கறுத்த சின்னக் கண்கள் அவள் வாயையே பார்க்கின்றன. கார் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. கீழே நீரெல்லாம் செம்பு நிறம். "இது ஆறு. இதத் தாண்டுனா நம்மூரு. வூட்ல ஒனக்குத் தூளி கட்டியிருக்கு."

"என்ன சொல்ற?" என்று ஸ்ரீதர் கேட்கிறான்.

"ஒங்ககிட்ட இல்ல," என்கிறாள், குழந்தையிடமிருந்து கண் எடுக்காமல். "நாங்க பேசிக்கினு இருக்கோம்."