ஏமாளிக் காயில்

"இதுவும் வேண்டாம்ணே. இது சரியாக் கண்டுபிடிக்குது."

சீனிச்சாமி கையிலிருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டு எதிரில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார். தேனியில் இருபது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவர் அவர். வருசநாட்டு ஓடைகளில் தங்கத்தூள் கிடக்கிறது என்று எவனோ கிளப்பிவிட்ட பிறகு, தங்கம் தேடும் மெஷினுக்கு உதிரிக் காயில் விற்பதே அவருக்கு முழுநேரத் தொழிலாகிவிட்டது.

மெஷினின் அடியில் தட்டுப் போல இருக்குமே, அதுதான் காயில். அதைத் தரையை ஒட்டி ஆட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே உலோகம் இருந்தால் மெஷின் கத்தும். அவரிடம் வாங்கிப் போனவர்கள் இதுவரை கண்டெடுத்தது மாட்டு லாடம், சோடா மூடி, யார் வீட்டுக் குத்துவிளக்கோ ஒன்றின் பாதம். அப்படியும், கண்டுபிடிக்காத காயிலாகக் கொடுங்கள் என்று கேட்டு யாரும் வந்ததில்லை.

வந்திருந்தவர் ராயப்பன்பட்டி ஜாஸ்பர். ஐம்பது வயதிருக்கும். மெஷினையும் கையோடு கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்து நான்கு காயில்களை மாட்டிப் பார்த்தாகிவிட்டது. சீனிச்சாமி தன் மோதிரத்தைக் கழற்றி மணல் தொட்டியில் புதைத்தார். ஜாஸ்பர் கைக்குட்டை முடிச்சிலிருந்து ஒரு கவரிங் சங்கிலியை எடுத்துப் பக்கத்தில் புதைத்தார். மோதிரத்துக்கு ஒரு சத்தம், கவரிங்குக்கு வேறு சத்தம் என்று மெஷின் பிரித்துச் சொல்லும்போதெல்லாம் ஜாஸ்பரின் முகம் தொங்கிப்போனது. சின்னக் காயில் இன்னும் கறார். கவரிங்கை அது சட்டையே செய்யவில்லை.

"தம்பி, அப்படி என்னதான் தேடப் போறீக?"

"தேடலண்ணே. கல்யாண நகையைச் சோதிக்கப் போறாக."

விஷயம் இழுத்து இழுத்து வெளியே வந்தது. வருகிற புதன்கிழமை கோயிலில் கல்யாணம். மூன்று ஞாயிறும் பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. ஓடையில் தங்கம் தேட வாங்கிய மெஷின் மாப்பிள்ளை வீட்டில் சும்மா கிடந்ததாம். பெண் வீட்டு நகைத்தட்டு வந்து இறங்கியதும் அந்த மெஷினைக் காட்டிச் சோதித்த பிறகுதான் மற்ற காரியமாம். ஒரே ஒரு நகை வேறு மாதிரி கத்தினாலும் கல்யாணம் அத்தோடு நின்றுவிடுமாம்.

சீனிச்சாமி குரலைத் தாழ்த்தி, நகையெல்லாம் எப்படி என்று கேட்டார்.

"அம்புட்டும் கவரிங்ணே. திராட்சை ரெண்டு போகமும் மழையில போயிருச்சு. தங்கத்துக்கு எங்கன போறது?"

சீனிச்சாமிக்கு இது புரியாததில்லை. அவரும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். ஆனாலும் ஒன்று மட்டும் இடித்தது. மாப்பிள்ளை வீட்டு மெஷினுக்கு இவர் எதற்குக் காயில் வாங்க வேண்டும்? கேட்டே விட்டார்.

பழைய காயில் பாறையில் மோதி உடைந்துவிட்டதாகவும், புதிது வாங்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாகவும் ஜாஸ்பர் சொன்னார்.

சீர் என்று கட்டில் கேட்பார்கள், பீரோ கேட்பார்கள், பைக் கேட்பார்கள். பெண் வீட்டு நகையைச் சோதிக்கிற காயிலையும் பெண் வீட்டாரே வாங்கித் தர வேண்டும் என்கிற சம்பந்தியைச் சீனிச்சாமி இன்றுதான் கேள்விப்படுகிறார். அவருக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பேராசை பிடித்ததுகள், மானங்கெட்டதுகள் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். ஜாஸ்பர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை, "நியாயந்தேன்ணே," என்றும் சொன்னார்.

திட்டி முடித்த வேகத்தில் சீனிச்சாமி ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து சுளகு அகலத்துக்கு ஒரு காயிலை இறக்கினார். இரண்டு பேர் வாங்கி, இரண்டு பேருமே சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தது அது. அதை மாட்டியதும் மோதிரத்துக்குக் கணீரென்று கத்தியது. கவரிங்குக்கும் அதே கணீர். ஆணிக்கும் அதே. கடைக்கு வந்த டீ டம்ளரைக்கூட அது சொக்கத் தங்கம் என்றது.

ஜாஸ்பரின் கண் கலங்கிவிட்டது. "இதுதாண்ணே. இதைக் கட்டிக் குடுங்க."

கட்டப் போன சீனிச்சாமியின் கை பாதியில் நின்றது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று இப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு மெஷினை ஏமாற்றிவிடலாம். நாளைக்கு ஏதாவது அவசரத்துக்குச் சங்கிலியை அடகுக் கடையில் உரசிப் பார்த்தால், அந்தப் பெண்ணின் கதி என்ன? அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு வருமே. காயிலை மடியில் வைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"இந்தக் கல்யாணம் நின்னா ரெண்டு புள்ளைகளும் உசுரோட செத்துரும்ணே," என்று ஜாஸ்பர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சீனிச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. ஜாஸ்பரின் தோளில் கை வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையோட அப்பாகிட்ட மட்டுமாவது உண்மையைச் சொல்லிருங்க. அந்த ஆளும் மனுசன்தானே. அவருக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும், பின்னால அந்தப் புள்ளையைக் காப்பாத்தி விட்டுருவாரு. அவருக்குத் தெரியாம இதைக் குடுக்க எனக்கு மனசு வரலை."

ஜாஸ்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு எல்லாம் தெரியும்ணே. மாப்பிள்ளைக்கு அப்பன் நாந்தேன், மெஷினை வச்சுச் சோதிக்கப் போறது எம் பொண்டாட்டி."